எல்லைக் கல்லுக்கு வெளியே உட்கார்ந்த சாயங்காலம்

போன வருஷம் சித்திரை மாதம் முழுக்க நான் அழுதேன். வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, நொடி இல்லை. ஒரு வேலை வந்திருந்தது. நல்ல வேலை. அதற்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் அழுதேன். வேலை கிடைக்கவில்லை என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கிடைத்ததற்கு அழுகிறவள் நீ ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டு சரோஜாக்கா கேலி செய்தார். கேலிதான் செய்ய முடியும். நான் பட்ட பாடு எனக்கும் எங்கள் மாரியாத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் எனக்குச் செய்ததை நாலு பேரிடம் சொல்கிறேன் என்று அவள் முன்னாலேயே வேண்டிக்கொண்டேன். அதனால் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜோதி. ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் லைனில் பிறந்தேன். அதே லைனில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டேன். காப்பி பறிக்கப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக எஸ்டேட்டில் ஒரு காப்பகம் இருந்தது. அதில் நான்தான் ஆயா. பால் காய்ச்சுவது, தொட்டில் ஆட்டுவது, மூக்குத் துடைப்பது, கதை சொல்வது எல்லாம் நானே. எஸ்டேட் கைமாறியதும் காப்பகத்தை மூடிவிட்டார்கள். லைனில் பாதி வீடு காலியாகி, பிள்ளைகளும் குறைந்துபோயிருந்தார்கள். மூடியவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எனக்குத்தான் காலையில் எழுந்தால் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் சின்னராசு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். அவருடைய வேலை தப்பித்தது. மகள் திவ்யா அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. அதற்கு மேல் பஸ் பிடித்து ஏற்காடு போக வேண்டும். மழைக்காலத்தில் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பஸ் வராது. லைனில் அவளுக்கு முன்னால் ஒன்பதாவது சேர்ந்த பெண்கள் பலபேர் அந்த பஸ்ஸை நம்பியே படிப்பை விட்டவர்கள். இவளோ படிக்க ஆசைப்படுகிற பிள்ளை.

இந்த நேரத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. எஸ்டேட்டில் முன்பு கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவரின் மனைவி பேசினார். அவர் பிள்ளை இரண்டையும் காப்பகத்தில் நான்தான் வளர்த்தேன். அங்கே ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு மேட்ரன் தேடுகிறார்கள் என்றும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டதும் என் முகம்தான் ஞாபகம் வந்தது என்றும் சொன்னார். தங்க அறை உண்டு, சாப்பாடு உண்டு, மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம், நடந்துபோகிற தூரத்தில் பெரிய பள்ளிக்கூடம். ஒன்றே ஒன்று. பெண்கள் விடுதி, ஆண்கள் தங்க முடியாது. இவர் மலையில், நாங்கள் இருவரும் கோயமுத்தூரில்.

அன்று சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவினார். "உன்ற இஷ்டம்" என்றார். எழுந்து போய்விட்டார்.

எனக்கு வாய் அதிகம். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சோறு தின்னத்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், எனக்குப் பழகியும் போயிருந்தது. வெளிச்சமெல்லாம் மங்கி மூடுபனி இறங்கினால் கம்பளியை எடுத்து என் மேல் போடுவார், பேச மாட்டார். அந்த மனுசனிடம் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேசாமல் இருந்தது என்னைக் கொன்றுவிட்டது. ஏனுங்க போறதுங்களா வேண்டாங்களா என்று காலையில் கேட்பேன். "உன்ற இஷ்டம்." சாயங்காலம் அழுதுகொண்டே கேட்பேன். அதே பதில். ஒருநாள் கோபத்தில், நான் போனால் நிம்மதி என்று நினைக்கிறீர்களா என்றும் கேட்டுவிட்டேன். அவர் டிராக்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

ஊர் மட்டும் நன்றாகப் பேசியது. புருசனை ஒண்டியாக விட்டுவிட்டுப் போகிறாளாம் என்று ஒரு பக்கம். பிள்ளை படிப்பை யோசிக்காமல் புருசன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்டேன். இரண்டும் சரியாகத்தான் பட்டது. பிள்ளையை நினைத்தால் போக வேண்டும். வேலை முடிந்து வந்து இருட்டு வீட்டில் அவர் ஒருவராக விளக்குப் போடுவதை நினைத்தால் கால் எழவில்லை.

எங்கள் லைனுக்கு மேலே மாரியாத்தா கோயில். கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த எங்கள் முன்னோர்கள், சொந்த ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தேன். பூக்கேட்டுப் பார் என்று சரோஜாக்கா சொன்னார். உங்களில் பலபேருக்குத் தெரிந்திருக்கும். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. பூ வாங்கிக்கொண்டும் போய்விட்டேன். பொட்டலம் கட்டப் போகும்போது எனக்கே ஒன்று உறைத்தது. போ என்றோ போகாதே என்றோ ஆத்தா சொல்லிவிடுவாள். அவர் சொன்னதாக ஆகுமா? நான் ஏங்கியது அவர் வார்த்தைக்கு. பூவை ஆத்தா காலடியில் வைத்துவிட்டு இப்படி வேண்டினேன்.

"ஆத்தா, அவுரு போன்னாலும் சரி, போவாதன்னாலும் சரி. அவுரு வாயிலிருந்து ஒரு வார்த்த வரட்டும். எனக்கு வேற எதும் வேண்டாம்."

வைகாசி பிறந்தது. கோயிலில் பூச்சாட்டி, வருஷத் திருவிழாவான நோம்பியை அறிவித்தார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது.

எங்கள் நோம்பியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்களோ, நோம்பி முடிந்து காப்பு அவிழ்க்கும் வரைக்கும் அவர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் சேலம் போய் வரலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். நோம்பி நடுவில் வெளியூர் போயே ஆக வேண்டும் என்கிறவர்கள், காப்புக் கட்டும் முன்னால் எல்லையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கட்டி முடித்த பிறகு உள்ளே வந்தால் அவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. அதற்காகப் பூசாரி மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்வார். வெளியே போகிறவர்கள் போய்விடுங்கள் என்று.

காப்பு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். விடுதியில் நான் வியாழக்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்களாம். நோம்பி முடிந்து வருகிறேன் என்று ரைட்டர் வீட்டு அக்காவிடம் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். முடியாது, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஆக, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்கிறேனோ அதுதான் என் முடிவு. உள்ளே இருந்தால் வேலை இல்லை. வெளியே இருந்தால் பிரிவு.

இவரோ பூச்சாட்டிய நாளிலிருந்து விரதத்தில் இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே தீச்சட்டி எடுக்கிறவர். ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்பு இல்லை, படுக்கை கோயிலில். அவர் கையில் காப்புக் கட்டினால் அவரும் எல்லையைத் தாண்டி ராத்தங்க முடியாது. அதாவது எங்களைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் விடக்கூட அவரால் முடியாது. முன்பாவது ராத்திரியில் பக்கத்தில் இருந்தார், இப்போது அதுவும் இல்லை. ஆத்தாவிடம் பேச்சைக் கேட்டால் ஆளையே வாங்கிக்கொண்டாளே என்று எனக்கு ஆத்தா மேலேயே கோபம் வந்தது. அவளிடமும் சண்டை போட்டேன். வேறு யாரிடம் போடுவது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திவ்யாவுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று. எனக்குப் படிக்கணும்மா, அப்பாவும் வேணும்மா என்றாள். அவளாவது நினைத்ததைச் சொன்னாள். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முடிவெடுத்துக் கிளம்பினேன் என்று சொன்னால் பொய். உட்கார்ந்து பார்ப்போம் என்றுதான் போனேன்.

ஊர் எல்லையில் ஒரு கல். நோம்பிக்காக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் வளைவில் பஸ் நிறுத்தம், உட்கார ஒரு திண்டு. அங்கே போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு எங்களைத் தவிர வெளியே யாரும் இல்லை. மூடுபனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் உச்சியெல்லாம் மறைந்துவிட்டது. அவசரத்தில் இருவருமே ஸ்வெட்டர் எடுக்காமல் வந்திருந்தோம். திவ்யா என் மேல் சாய்ந்துகொண்டாள்.

மைக்கில் பூசாரி முதல் தடவை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை என்னைப் பார்த்துச் சொல்வதாகவே இருந்தது. ஊரே உள்ளே கூடியிருக்கிறது, அதில் அவர் மஞ்சள் வேட்டியோடு முன்னால் நிற்பார். நானும் என் பிள்ளையும் ஊருக்கு ஆகாதவர்கள் மாதிரி ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லாத மனுசனைத்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால், எந்தத் தைரியத்தில் போவது? அங்கே போய் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டார். மேளம் மெதுவாக ஆரம்பித்தது. ஆத்தா கையில் கட்டும்போதுதான் அது வேகம் எடுக்கும். அதற்குள் உள்ளே போய்விடலாம். எழுந்துவிட்டேன்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

"அம்மா, கல்லத் தாண்டிட்டா அவ்ளோதான்மா."

தெரியும் என்றேன். வேலை வேண்டாம், படிப்பை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், இவரோடு பேசாமலே இருந்து செத்துப்போகிறேன் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு நடந்தேன். கல்லுக்கு நாலு அடி இருக்கும். மூடுபனிக்குள் மேட்டிலிருந்து யாரோ வேகமாக இறங்கி வருவது தெரிந்தது. வெறுங்கால். மஞ்சள் வேட்டி. கையில் ஒரு துணிப்பை.

அவர்தான். நின்று யோசிக்கக்கூட இல்லை, கல்லைத் தாண்டி என் பக்கம் வந்துவிட்டார்.

எனக்குப் பதறிப்போய்விட்டது. "ஏனுங்க, நீங்க இங்க வரக் கூடாதுங்க. அங்க காப்புக் கட்டப் போறாங்க."

"தெரியும்" என்றார். பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து திவ்யாவிடம் கொடுத்தார். இன்னொன்றை என் தோளில் போட்டார். தீச்சட்டி என்னாகிறது என்று கேட்டேன். இந்த வருஷம் தன் தம்பி எடுக்கிறான் என்றார். அவனும் பால்குடத்துக்கு விரதம் இருந்தவன்தான். அதற்குப் பிறகு பேசினார் பாருங்கள். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் போன்னு சொன்னா தொரத்தி உட்டாப்புல இருக்கும். போவாதன்னா கட்டிப் போட்டாப்புல இருக்கும். ரெண்டுக்கும் பயந்துக்கிட்டுதான் வாயே தொறக்கல, ஜோதி. போ. புள்ள படிக்கட்டும். நீயும் இங்க காப்பகத்தப் பூட்டுனதுலேர்ந்து நொம்ப வாடிப் போயிட்ட. புது எடத்துல மொத ரெண்டு நாளு நீங்க தனியா இருக்க வேண்டாம். நானும் வாரேன்."

காலையிலேயே பூசாரியிடம் கேட்டிருக்கிறார். விரதம் இருந்துவிட்டு எல்லைக்கு வெளியே நிற்கலாமா என்று. ஆத்தாவிடமே கேள் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். இவர் பூக்கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூ வந்திருக்கிறது. நான் கேட்காமல் விட்டுவிட்டு வந்த பூவை அவர் கேட்டிருக்கிறார். நான் போகலாமா என்று அவர் ஆத்தாவிடம் கேட்கவில்லை. அதை அவர் முன்பே மனசில் முடிவு செய்துவிட்டார். என்னோடு தான் வரலாமா என்றுதான் கேட்டிருக்கிறார். மத்தியானமே வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். தம்பிக்கு எல்லாம் எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டதாம். என்ன சொல்வது?

அப்போது மேளம் வேகம் எடுத்தது. ஆத்தா கையில் காப்பு ஏறிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கல்லுக்கு வெளியே ரோட்டில் நின்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு மாதத்தில் முதன்முறையாக நல்ல அழுகை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் இறங்கினோம். விடுதியில் இவர் தங்க முடியாது என்பதால் கேட்டில் வாட்ச்மேன் அறைத் திண்ணையில் இரண்டு ராத்திரி படுத்துக்கொண்டார். கோயமுத்தூர்க் கொசு அவரை ஒரு வழி ஆக்கிவிட்டது. காலையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, தூங்குனியா என்று ஒரு கேள்வி கேட்டார். தூங்கினேன் என்றேன். வெள்ளிக்கிழமை மலைக்குப் போய்விட்டார். நோம்பியின் கடைசி நாளில் கூட்டத்தோடு நின்று தம்பி தீச்சட்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும்.

எல்லாம் உடனே சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் தினமும் ஊர் ஞாபகம். திவ்யாவுக்கு வகுப்பில் எல்லோரும் வேகமாகப் பேசுவதாகப் பட்டது. ஆனால் விடுதியில் முதல் வருஷப் பிள்ளைகள் வீட்டை நினைத்துச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் போய் உட்கார்ந்து தட்டைக் கையில் எடுத்தேன். என் கைக்கு மறுபடி வேலை வந்துவிட்டது. தொட்டில்தான் இல்லை.

இன்னொரு அதிசயம் சொல்ல வேண்டும். எங்களவர் தினமும் ஏழு மணிக்குப் போன் செய்கிறார். மழை பெய்தது, மிளகு காய் பிடித்திருக்கிறது, சரோஜாக்கா வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் சொல்கிறார். ஒரே வீட்டில் இருந்தபோது இத்தனை வார்த்தை எங்கே போயிருந்தது என்று கேட்டால் சிரிக்கிறார். நான் ஆத்தாவிடம் ஒரு வார்த்தைதான் கேட்டேன். அவள் அளந்து கொடுக்கிறவள் இல்லை. மாதத்தில் இரண்டு தடவை அவர் இறங்கி வருகிறார், லீவு விட்டால் நாங்கள் ஏறிப் போகிறோம்.

இந்த வைகாசியில் முன்னாலேயே லீவு கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போனோம். கல்லைத் தாண்டும்போது திவ்யா குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். சாயங்காலம் கோயில் முன்னால் மூன்று பேரும் நின்றோம். இவர் மஞ்சள் வேட்டியில் முன்வரிசையில். பூசாரி மைக்கை எடுத்து, எல்லைக்கு வெளியே போகிறவர்கள் போய்விடுங்கள் என்று கூப்பிட்டார். அதற்கு யாரும் பதில் சொல்கிற வழக்கமில்லை. இவர் திரும்பி எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தார். பூசாரிக்கு எதிரே, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நாங்க மூணு பேரும் உள்ளதான் இருக்கறமுங்க" என்றார். பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் கையை நீட்டினார். காப்புக் கட்டினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் இருக்கலாம். அம்மா தாயே என்று ஆத்தாவிடம் போங்கள். உங்களுக்கு எது குறையோ அதை அப்படியே கேளுங்கள், சண்டை போட வேண்டுமானாலும் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்ட பிறகு கொஞ்சம் பொறுத்திருங்கள். நான் பொறுக்கவில்லை, எழுந்து நடந்துவிட்டேன். என் பதில் அப்போது ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.